படிவத்தில் ஒரு கட்டம்

2016 ஏப்ரல் 19 அன்று நியூயார்க் மாநிலத்தில் பிரைமரி தேர்தல் நடந்தது. குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளராக யாரை நிறுத்தலாம் என்று அந்த மாநிலத்துக் கட்சிக்காரர்கள் சொல்லும் நாள். டொனால்ட் டிரம்ப் பிறந்து வளர்ந்து, கட்டடங்கள் கட்டிப் பேர் வாங்கிய ஊர் அது. அன்றைக்கு அவருக்கு ஓட்டுப் போட முடியாமல் போனவர்களில் இரண்டு பேர் அவருடைய சொந்தப் பிள்ளைகள்: இவாங்காவும் எரிக்கும். இருவரும் வாக்காளர் பட்டியலில் இருந்தார்கள். குடியுரிமை, வயது, முகவரி எதிலும் சிக்கல் இல்லை. ஆனால் குடியரசுக் கட்சியினர் என்று பதிவாகியிருக்கவில்லை. பதிவை மாற்றிக்கொள்ளக் கடைசி நாள் 2015 அக்டோபர் 9. தேர்தலுக்கு ஆறு மாதத்துக்கும் மேல் முன்னால்.

இந்தச் செய்தியைக் கேட்டு ஊரே சிரித்தது. அந்தச் சிரிப்பில் இன்னொரு விஷயம் அடிபட்டுப் போனது. அந்த நேரத்தில் நியூயார்க் வாக்காளர்களில் ஏறக்குறைய 30 லட்சம் பேர் இரண்டு பெரிய கட்சிகளிலும் பதிவு செய்யாதவர்கள். அவர்கள் யாரும் அன்றைக்கு அந்தக் கட்சிகளின் பிரைமரியில் ஓட்டுப் போட முடியாது. பெர்னி சாண்டர்ஸைப் பார்த்து முதல் முறையாக அரசியலில் ஆர்வம் வந்த எத்தனையோ இளைஞர்கள் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். தேதிகளை அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். கட்சியை மாற்றக் கடைசி நாள் அக்டோபர் 9. ஜனநாயகக் கட்சி வேட்பாளர்களின் முதல் தொலைக்காட்சி விவாதம் அக்டோபர் 13. வேட்பாளர்கள் ஒரே மேடையில் ஏறிப் பேசுவதற்கு நான்கு நாள் முன்பே கதவு சாத்தியாகிவிட்டது.

நியூயார்க்கில் ஹிலாரி கிளிண்டன் 58க்கு 42 என்ற கணக்கில் ஜெயித்தார். சின்ன வித்தியாசம் இல்லை. அதனால் யார் ஜெயித்திருப்பார் என்பதல்ல என் கேள்வி. ஒரு மனிதர் எந்த நாளுக்குள் தன் கட்சியைச் சொல்ல வேண்டும் என்று அரசு எப்படி முடிவு செய்கிறது? அந்த அதிகாரம் அரசுக்கு எங்கிருந்து வந்தது?

அரசிடம் இருக்கும் கட்சிப் பட்டியல்

நமக்கு இது கொஞ்சம் விசித்திரமாகத்தான் படும். புதிய வாக்காளர்கள் நிரப்பும் நம்மூர் படிவம் 6இல் பெயர், பிறந்த தேதி, முகவரி எல்லாம் கேட்பார்கள். எந்தக் கட்சி என்று கேட்க மாட்டார்கள். கேட்டால் கலவரமே நடக்கும். அமெரிக்காவில் சுமார் 30 மாநிலங்களில் அந்தக் கட்டம் படிவத்திலேயே இருக்கிறது. ஜனநாயகக் கட்சி, குடியரசுக் கட்சி, இன்னும் சில சிறிய கட்சிகள், கடைசியில் ‘எந்தக் கட்சியும் இல்லை’. ஒன்றில் டிக் செய்ய வேண்டும்.

இது நாம் புரிந்துகொள்ளும் கட்சி உறுப்பினர் பதிவு அல்ல. சந்தா கிடையாது, வட்டச் செயலாளரின் கையெழுத்து கிடையாது, கூட்டத்துக்குப் போக வேண்டிய கட்டாயமும் இல்லை. ‘உன்னைச் சேர்த்துக்கொள்ள மாட்டேன்’ என்று கட்சி சொல்லவும் முடியாது. கட்சியின் ஆட்கள் யார் என்ற பட்டியலை அரசு வைத்திருக்கிறது. அந்தப் பட்டியலை வைத்து அரசே தன் செலவில், தன் ஊழியர்களைக் கொண்டு, கட்சியின் வேட்பாளர் தேர்வை நடத்திக் கொடுக்கிறது.

இதில் வகைகள் உண்டு. பதிவு செய்தவர்கள் மட்டும் ஓட்டுப் போடுவது மூடிய பிரைமரி. யார் வேண்டுமானாலும் ஏதாவது ஒரு கட்சியின் சீட்டை வாங்கி ஓட்டுப் போடுவது திறந்த பிரைமரி. டெக்சாஸ், ஜார்ஜியா போன்ற மாநிலங்களில் கட்சிப் பதிவு என்பதே கிடையாது. இரண்டுக்கும் நடுவில் பல நிறங்கள். நியூ ஹாம்ப்ஷரில் கட்சி சொல்லாத வாக்காளர் வாக்குச்சாவடிக்குப் போய் ஒரு கட்சியின் சீட்டைக் கேட்டு வாங்கலாம். அந்த நிமிடம் அவர் அந்தக் கட்சிக்காரர். ஓட்டுப் போட்டுவிட்டு வெளியே வரும்போது ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட்டு மறுபடி கட்சியற்றவராகிவிடலாம். அரை மணி நேரக் கட்சிக்காரர்! ஒரே நாடு, ஒரே அதிபர் தேர்தல், ஆனால் மாநில எல்லையைத் தாண்டினால் விதி தலைகீழ்.

யாருக்கு ஓட்டுப் போட்டீர்கள் என்பது ரகசியம். எந்தக் கட்சி என்பது பெரும்பாலும் ரகசியம் இல்லை. வட கரோலினாவின் தேர்தல் வாரிய இணையதளத்தில் மொத்த வாக்காளர் பட்டியலையும் யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். பெயர், முகவரிக்குப் பக்கத்தில் கட்சிக்கு ஒரு நெடுவரிசை. என்னைப் போல டேட்டாபேஸ்களோடு குப்பை கொட்டுகிறவர்களுக்கு முதலில் ‘அட, எவ்வளவு சுத்தமான டேட்டா’ என்றுதான் தோன்றும். கொஞ்சம் கழித்துத்தான் உறைக்கும், பக்கத்து வீட்டுக்காரர் எந்தக் கட்சி என்று வீட்டு எண்ணோடு எழுதி வைத்திருக்கிறார்கள் என்பது.

முதலாளிகளிடமிருந்து மக்களுக்கு

19ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் அமெரிக்காவில் வாக்குச்சீட்டை அரசு அச்சடிக்கவில்லை. கட்சிகளே அச்சடித்து, தங்கள் ஆட்களின் பெயரைப் போட்டு, வாக்காளரின் கையில் திணித்தன. சீட்டின் நிறத்தைப் பார்த்தே யாருக்கு ஓட்டு விழுகிறது என்று தூரத்திலிருந்து சொல்லிவிடலாம். 1888க்குப் பிறகு ‘ஆஸ்திரேலியச் சீட்டு’ முறை பரவியது. அரசே எல்லாப் பெயர்களையும் ஒரே தாளில் அச்சடித்து, மறைவில் நின்று குறியிடச் சொன்னது. நல்ல சீர்திருத்தம்தான். ஆனால் அதிலிருந்து ஒரு புதுக் கேள்வி முளைத்தது. சீட்டை அரசு அச்சடிக்கிறது என்றால் ஒரு கட்சியின் வேட்பாளர் என்று யார் பெயரைப் போடுவது? அதைச் சொல்லும் உரிமை யாருக்கு? அதுவரை கட்சியின் உள்வீட்டு விஷயமாக இருந்தது அன்றோடு அரசின் மேஜைக்கு வந்தது.

விஸ்கான்சினில் ராபர்ட் லாஃபாலெட் என்றொரு குடியரசுக் கட்சிக்காரர். 1896இலும் 1898இலும் ஆளுநர் வேட்பாளராக முயன்று கட்சி மாநாட்டில் தோற்றவர். பிரதிநிதிகளைப் பணத்தால் வாங்கிவிட்டார்கள் என்பது அவருடைய குற்றச்சாட்டு. மாநாட்டு மண்டபத்தில் சில முதலாளிகள் முடிவு செய்வதை எடுத்து நேராக மக்களிடம் கொடுக்க வேண்டும் என்று ஊர் ஊராகப் பேசினார். 1900இல் ஆளுநர் ஆனார். 1904இல் அவர் கேட்ட நேரடி பிரைமரி சட்டத்துக்கு விஸ்கான்சின் மக்கள் வாக்களித்து ஒப்புதல் கொடுத்தார்கள். அங்கே கட்சியைப் பதிவு செய்யச் சொல்லவில்லை. மறைவுக்குள் போய் எந்தக் கட்சியின் பிரைமரியில் கலந்துகொள்வது என்று வாக்காளரே முடிவு செய்துகொள்ளலாம். இன்று வரை அப்படித்தான்.

நியூயார்க் வேறு வழியில் போனது. வாக்காளர் தன் கட்சியை ஒரு தாளில் குறித்து, பூட்டிய பெட்டிக்குள் போடுவார். அந்தப் பெட்டியை நவம்பர் பொதுத் தேர்தல் முடிந்த பிறகுதான் திறப்பார்கள். அதில் இருக்கும் கட்சி அடுத்த வருடப் பிரைமரிகளுக்குத்தான் செல்லும். அதாவது இன்று மனம் மாறினாலும் அந்த மாற்றத்தை அரசு அடுத்த சுற்றில்தான் ஒத்துக்கொள்ளும். மக்களிடம் அதிகாரத்தைக் கொடுப்பதற்காக வந்த ஏற்பாட்டுக்குள் இப்படி ஒரு பூட்டும் சேர்ந்தே வந்தது.

டெக்சாஸில் ஒரு மருத்துவர்

‘எங்கள் கட்சிக்குள் யார் வரலாம் என்பதை நாங்கள்தான் முடிவு செய்வோம்.’ கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. இந்த வாதத்தின் மிக இருண்ட பக்கத்தைப் பார்க்க டெக்சாஸுக்குப் போக வேண்டும்.

1923இல் டெக்சாஸ் ஒரு சட்டம் போட்டது: ஜனநாயகக் கட்சி பிரைமரியில் கறுப்பினத்தவர் ஓட்டுப் போடக் கூடாது. அன்றைய டெக்சாஸில் ஜனநாயகக் கட்சி வேட்பாளர்தான் ஜெயிப்பார். பொதுத் தேர்தல் வெறும் சடங்கு. கறுப்பினத்தவருக்கு நவம்பரில் ஓட்டுரிமை இருந்தது என்று அரசு சொல்லிக்கொள்ளலாம். ஆனால் நவம்பரில் முடிவு செய்ய எதுவும் மிச்சம் இருக்காது.

எல் பாசோ நகரத்து மருத்துவர் லாரன்ஸ் நிக்சன் வழக்குப் போட்டார். 1927இல் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது: இது அரசின் சட்டம், அரசு இனப் பாகுபாடு காட்டக் கூடாது. டெக்சாஸ் என்ன செய்தது? சட்டத்தை மாற்றி, யார் உறுப்பினர் என்பதைக் கட்சியின் நிர்வாகக் குழு முடிவு செய்யலாம் என்றது. நிக்சன் மறுபடி போனார், 1932இல் மறுபடி ஜெயித்தார். இந்த முறை சட்டமே வேண்டாம் என்று, கட்சி மாநாடே தானாக ‘வெள்ளையர் மட்டும்’ எனத் தீர்மானம் போட்டது. 1935இல் உச்ச நீதிமன்றம் அதை ஒத்துக்கொண்டது. கட்சி தனியார் சங்கம், சங்கத்தின் விருப்பத்தில் அரசு தலையிட முடியாது என்பது தர்க்கம். ஒரு பிழையைச் சரிசெய்தால் அதே பிழை வேறு இடத்தில் வேறு பெயரில் வந்து நிற்குமே, அதேதான்.

1944இல் ஹூஸ்டன் பல் மருத்துவர் லோனி ஸ்மித்தின் வழக்கில்தான் அது உடைந்தது. ஸ்மித்துக்காக வாதாடியவர்களில் ஒருவர் தர்குட் மார்ஷல். பின்னாளில் உச்ச நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதி ஆனவர். பிரைமரியை அரசின் சட்டங்கள்தான் கட்டி எழுப்பியிருக்கின்றன, அங்கே ஜெயித்தவரின் பெயரைத்தான் அரசு சீட்டில் அச்சடிக்கிறது, அப்புறம் எப்படி அது தனியார் சங்கத்தின் உள்விவகாரம்? 8க்கு 1 என்ற கணக்கில் ஸ்மித் ஜெயித்தார்.

உடனே தென் கரோலினா அதே மாதத்தில் பிரைமரி தொடர்பான தன் சட்டங்களையெல்லாம் நீக்கிவிட்டது. அரசுக்கும் பிரைமரிக்கும் சம்பந்தமே இல்லை என்று காட்டத்தான். 1947இல் வேட்டீஸ் வேரிங் என்ற வெள்ளை நீதிபதி அந்தத் தந்திரத்தையும் உடைத்தார். டெக்சாஸின் ஃபோர்ட் பெண்ட் கவுண்டியில் ஜேபேர்ட் சங்கம் என்று ஒன்று 1889 முதல் பிரைமரிக்கு முன்பே வெள்ளையரை மட்டும் வைத்து ஒரு தேர்தல் நடத்திவந்தது. அதில் ஜெயித்தவர்தான் பிரைமரியிலும் நிற்பார், ஜெயிப்பார். 1953இல் அதுவும் போனது. தேர்தலுக்கு முன் ஒரு தேர்தல், அதற்கும் முன் ஒரு தேர்தல். ஒரு மனிதரை எந்தப் படியில் நிறுத்தினாலும் கடைசிப் படி அவருக்குத் திறந்தே இருக்கும், அங்கே எல்லாம் முடிந்தும் இருக்கும்.

கட்சிப் பதிவும் வெள்ளையர் பிரைமரியும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. தோல் நிறத்தை மாற்ற முடியாது, படிவத்தை மாற்றலாம். ஆனால் இந்த 30 வருட வழக்குகள் ஒன்றைக் கற்றுக்கொடுத்தன. முடிவு எங்கே எடுக்கப்படுகிறதோ அங்கே இடம் இல்லாதவருக்கு ஓட்டுரிமை பாதிதான்.

பெட்ரோ ரொசாரியோவும் ஹாரியட் பாண்டிகஸும்

நியூயார்க்கின் பூட்டிய பெட்டி 1973இல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. ரொசாரியோ எதிர் ராக்ஃபெல்லர். பெட்ரோ ரொசாரியோவும் மற்றவர்களும் 1971 டிசம்பரில் வாக்காளராகப் பதிவு செய்தார்கள். 1972 ஜூன் பிரைமரிக்கு இன்னும் ஆறு மாதம் இருந்தது. ஆனால் கெடு நவம்பர் தேர்தலுக்கு 30 நாள் முன்பே முடிந்துவிட்டது. அதிபர் பிரைமரி என்றால் ஏறக்குறைய எட்டு மாதக் காத்திருப்பு. மற்ற பிரைமரிகளுக்கு 11 மாதம் வரை.

அரசு சொன்ன காரணம் ‘ரெய்டிங்’. எதிர்க்கட்சிக்காரர்கள் கூட்டமாக உள்ளே புகுந்து பலவீனமான ஆளை வேட்பாளராக்கிவிட்டுப் போவது. நவம்பருக்கு முன்பே கெடு வைத்தால் இது கஷ்டம். தன் கட்சிக்கு ஓட்டுப் போடத் தயாராகிக்கொண்டிருக்கும் வேளையிலேயே எதிரியின் பெயரைத் தன் பதிவில் எழுத எத்தனை பேருக்கு மனம் வரும்? மனித மனதைக் கணக்குப் போட்டு வைத்த பூட்டு அது.

5க்கு 4 என்ற கணக்கில் அரசு ஜெயித்தது. பெரும்பான்மைக்காக எழுதிய நீதிபதி பாட்டர் ஸ்டூவர்ட் சொன்னதன் சுருக்கம்: இந்தச் சட்டம் யாருடைய உரிமையையும் பறிக்கவில்லை, ஒரு கெடு வைத்திருக்கிறது, அவ்வளவுதான். மனுதாரர்கள் நேரத்தோடு வந்திருக்கலாம், வரவில்லை. எதிர்த்து எழுதிய லூயிஸ் பவல் வேறு மாதிரி பார்த்தார். போட்டியிடுவது யார், பிரச்சனை என்ன என்று தெரிந்த பிறகுதான் சாதாரண மனிதருக்குத் தேர்தலில் ஆர்வம் வரும். அதற்குப் பல மாதம் முன்பே கெடுவை முடித்துவிட்டு ‘நீதான் தாமதம்’ என்றால் எப்படி? உரிமையைத் தள்ளிப்போடுவதும் சில நேரம் மறுப்பதற்குச் சமம் என்பது அவர் வாதம்.

அதே வருட நவம்பரில் இன்னொரு தீர்ப்பு. இலினாய் மாநிலத்தில் ஒரு கட்சியின் பிரைமரியில் ஓட்டுப் போட்டவர் 23 மாதங்களுக்கு வேறு கட்சியின் பிரைமரிக்குப் போக முடியாது. ஹாரியட் பாண்டிகஸ் 1971 பிப்ரவரியில் குடியரசுக் கட்சியின் உள்ளாட்சி பிரைமரியில் ஓட்டுப் போட்டார். 1972 மார்ச்சில் ஜனநாயகக் கட்சிக்குப் போட ஆசைப்பட்டார். முடியாது என்றார்கள். இந்த விதியை உச்ச நீதிமன்றம் 7க்கு 2 என்று தூக்கி எறிந்தது. எழுதியவர் அதே ஸ்டூவர்ட். நியூயார்க்கில் கெடுவைக் கவனித்தால் வருடத்துக்கு ஒரு கட்சி மாறலாம். இலினாயில் கட்சி மாறுவதற்கு விலையாக ஒரு சுற்றுப் பிரைமரியையே விட வேண்டும், வேறு வழியே கிடையாது. இதுதான் அவர் சொன்ன வேறுபாடு.

சட்டப்படி இந்த வேறுபாடு சரிதான். ஆனால் வாக்குச்சாவடி வாசலில் நிற்பவருக்கு? எனக்கு இதில் உறுத்துவது இன்னொன்று. 2016இல் நியூயார்க்கில் முதல் முறையாகப் பதிவு செய்கிறவருக்குக் கெடு மார்ச் 25. நேற்று மாநிலத்துக்குக் குடிவந்தவர் 25 நாள் முன்னால் கட்சியைச் சொன்னால் போதும். 20 வருடமாக அங்கேயே இருந்து, தவறாமல் ஓட்டுப் போட்டு, எந்தக் கட்சியும் வேண்டாம் என்று எழுதி வைத்தவர் ஆறு மாதம் முன்பே வந்திருக்க வேண்டும். பழைய வாடிக்கையாளருக்குத்தான் கூடுதல் நிபந்தனை.

பயம் நிஜமா?

ரெய்டிங் வெறும் கற்பனை என்று சொன்னால் அது நேர்மையாகாது. 2000 பிப்ரவரியில் மிச்சிகனின் குடியரசுக் கட்சி பிரைமரியில் ஜான் மெக்கெய்ன் ஜெயித்தார். அந்தக் கட்சிக்காரர்களிடம் முன்னிலை பெற்றது ஜார்ஜ் புஷ். வெளியிலிருந்து வந்த கட்சி சாராதவர்களும் ஜனநாயகக் கட்சிக்காரர்களும்தான் முடிவைத் திருப்பினார்கள். 2008இல் வானொலிப் பேச்சாளர் ரஷ் லிம்பா, குடியரசுக் கட்சி நேயர்களைப் பார்த்து ஜனநாயகக் கட்சி பிரைமரியில் ஹிலாரிக்குப் போடுங்கள் என்று வெளிப்படையாகவே சொன்னார். ஒபாமாவும் ஹிலாரியும் இன்னும் கொஞ்ச நாள் அடித்துக்கொள்ளட்டும் என்பது திட்டம். ‘ஆப்பரேஷன் கேயாஸ்’ என்று பேரும் வைத்தார்.

2022இல் வயோமிங். டிரம்பை எதிர்த்த லிஸ் செனி தன் சொந்தக் கட்சி பிரைமரியில் தோற்கும் நிலைமை. ஜனநாயகக் கட்சியினருக்கு, பதிவை எப்படி மாற்றுவது என்று விளக்கி அவர் தரப்பு தபால் அனுப்பியது. அங்கே அப்போது வாக்குச்சாவடியிலேயே கட்சி மாறலாம். பலர் மாறினார்கள். இருந்தும் அவர் சுமார் 29 சதவீதம் மட்டும் வாங்கித் தோற்றார். அடுத்த வருடமே வயோமிங் சட்டத்தை மாற்றியது: வேட்புமனு தாக்கல் தொடங்கும் நாளிலிருந்து பிரைமரி முடியும் வரை கட்சி மாற முடியாது. மனுத் தாக்கல் மே மாதம், பிரைமரி ஆகஸ்ட். யார் நிற்கிறார்கள் என்று தெரிய ஆரம்பிக்கும் நாளில் கதவு மூடுகிறது.

மாறி வந்த அந்த வயோமிங்காரர்களை எந்தக் கணக்கில் வைப்பது? அவர்கள் பலவீனமான ஆளைத் தள்ளிவிட வரவில்லை. தங்கள் மாநிலத்தில் குடியரசுக் கட்சிதான் ஜெயிக்கும் என்று தெரியும், ஜெயிக்கப்போகிறவர்களில் தங்களுக்குப் பரவாயில்லை என்று பட்டவருக்குப் போட வந்தார்கள். எதிரியின் கோட்டைக்குள் புகுந்தவர்கள் என்றும் சொல்லலாம், தங்கள் பிரதிநிதியைத் தேர்ந்தெடுக்க வந்த குடிமக்கள் என்றும் சொல்லலாம். லிம்பா சொன்னதைக் கேட்டுப் போனவருக்கும் இவருக்கும் நோக்கத்தில் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். ஆனால் பதிவேட்டில் நோக்கத்துக்குக் கட்டம் இல்லை. கெடு இருவரையும் ஒன்றாகத்தான் நிறுத்தும்.

கட்சிக்கும் சுதந்திரம் உண்டுதானே என்ற கேள்வியை நீதிமன்றமும் விட்டுவிடவில்லை. கனெக்டிகட் குடியரசுக் கட்சி, கட்சி சாராதவர்களும் எங்கள் பிரைமரிக்கு வரட்டும் என்று அழைத்தது. மாநிலச் சட்டம் கூடாது என்றது. 1986இல் 5க்கு 4 என்று கட்சி ஜெயித்தது. தீர்ப்பை எழுதியவர் தர்குட் மார்ஷல். 1944இல் ‘கட்சி தனியார் சங்கம்’ என்ற சுவரை உடைக்க வாதாடியவர், 42 வருடம் கழித்து அதே சங்கத்தின் சுதந்திரத்தைக் காப்பாற்றினார். முரண்பாடு போலத் தெரியும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இரண்டு முறையும் அவர் கதவைத் திறக்கிற பக்கம்தான் நின்றார். அந்த வழக்கில் எதிர்த்து எழுதிய ஆன்டனின் ஸ்கலியா, 2000இல் அதே சுதந்திரத்தைக் கையில் எடுத்து வேறொரு கதவை மூடினார். ஒரே சீட்டில் எல்லாக் கட்சி வேட்பாளர்களையும் போட்டு, யாருக்கும் வாக்களிக்கலாம் என்று கலிஃபோர்னியா மக்கள் 1996இல் கொண்டுவந்த முறை, கட்சிகளின் சங்க உரிமையை மீறுகிறது என்று 7க்கு 2 தீர்ப்பு.

பெயரில் இருந்த வலை

கெடு மட்டும்தான் பிரச்சனை என்றால் காலண்டரில் குறித்து வைத்துக்கொள்ளலாம். படிவமே ஏமாற்றினால்?

கலிஃபோர்னியாவில் கட்சி வேண்டாம் என்பவர்கள் ‘கட்சி விருப்பம் இல்லை’ என்ற கட்டத்தில் டிக் செய்ய வேண்டும். ஆனால் அதே பட்டியலில் ‘அமெரிக்கன் இண்டிபெண்டன்ட் பார்ட்டி’ என்று ஒரு கட்சியின் பெயரும் இருக்கிறது. ‘நான் இண்டிபெண்டன்ட்’ என்று மனதில் சொல்லிக்கொண்டே படிவத்தைப் பார்க்கிறவர் கண் எங்கே போகும்? 2016இல் லாஸ் ஏஞ்சலிஸ் டைம்ஸ் விசாரித்தபோது, அந்தக் கட்சியில் சுமார் 5 லட்சம் பேர் இருந்தார்கள். கேட்கப்பட்டவர்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பேருக்குத் தாங்கள் அந்தக் கட்சியில் இருப்பதே தெரியவில்லை. அது எந்தக் கட்சி? இனப் பிரிவினையை ஆதரித்த அலபாமாவின் முன்னாள் ஆளுநர் ஜார்ஜ் வாலஸை 1968 அதிபர் தேர்தலில் நிறுத்துவதற்காகத் தொடங்கிய கட்சி.

இதனால் நஷ்டம் என்ன? அந்த வருடம் ஜனநாயகக் கட்சி தன் அதிபர் பிரைமரியில் கட்சி சாராதவர்களை அனுமதித்தது. இன்னொரு கட்சியில் பதிவானவர்களை அனுமதிக்கவில்லை. சுதந்திரமாக இருக்க ஆசைப்பட்டு, தவறான கட்டத்தில் டிக் செய்தவர், தனக்குத் தெரியாத ஒரு கட்சியின் ஆளாகி வெளியே நின்றார். மென்பொருள் உலகில் நான்கில் மூன்று பயனர்கள் தவறான பொத்தானை அழுத்தினால், பயனரைத் திட்ட மாட்டோம். பொத்தானைத்தான் மாற்றுவோம்.

ஃபுளோரிடாவின் கதை இன்னும் நுட்பமானது. அங்கே மூடிய பிரைமரி. ஆனால் 1998இல் மக்கள் அரசியலமைப்பில் ஒரு திருத்தம் செய்தார்கள்: ஒரு பதவிக்கு ஒரே கட்சியினர் மட்டும் போட்டியிட்டு, ஜெயிக்கிறவருக்குப் பொதுத் தேர்தலில் எதிர்ப்பே இல்லை என்றால், அந்தப் பிரைமரியில் எல்லாருமே ஓட்டுப் போடலாம். மிக நியாயமான திருத்தம். அதில் ஒரு ஓட்டை. பெயர் அச்சடிக்கப்படாமல், வாக்காளர் கையால் எழுதிச் சேர்க்க வேண்டிய வேட்பாளர் என்று ஒருவகை உண்டு. அப்படி ஒருவர் பதிவு செய்தாலே ‘எதிர்ப்பு இருக்கிறது’ என்று கணக்கு. அதற்குக் கட்டணமும் இல்லை, கையெழுத்து திரட்டவும் வேண்டாம். பிரைமரியை மூட வேண்டும் என்றால் யாராவது ஒருவரைப் பேருக்கு நிறுத்தினால் போதும். ஒரு மனிதர் ஒரு படிவம் கொடுக்கிறார், ஆயிரக்கணக்கானவர்கள் வெளியே போகிறார்கள். 2020இல் எல்லாருக்கும் பொதுவான பிரைமரி கேட்டு ஃபுளோரிடாவில் வாக்கெடுப்பு நடந்தது. 57 சதவீதம் பேர் ஆதரித்தார்கள். தேவை 60. தோற்றது.

ஜூன் மாதத்திலேயே முடிந்துபோகும் நவம்பர்

2018 ஜூன் 26. நியூயார்க்கின் 14ஆம் தொகுதி ஜனநாயகக் கட்சி பிரைமரியில் 28 வயது அலெக்சாண்ட்ரியா ஒகாசியோ கார்ட்டெஸ், பத்து முறை ஜெயித்த ஜோ கிரவுலியைத் தோற்கடித்தார். உலகமே பேசியது. வித்தியாசம் ஏறக்குறைய 4,000 ஓட்டு. மொத்தம் விழுந்தது 30,000க்கும் குறைவு. சுமார் 7 லட்சம் மக்கள் வாழும் தொகுதி அது. நவம்பரில் என்ன நடக்கும் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. அந்த ஜூன் பிரைமரியில் ஓட்டுப் போட, ஏற்கெனவே பதிவான வாக்காளர் 2017 அக்டோபரிலேயே தன் கட்சியை மாற்றியிருக்க வேண்டும். அப்போது ஒகாசியோ கார்ட்டெஸின் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்?

அந்தத் தேர்தல் இளைஞர்களின் வெற்றியாகக் கொண்டாடப்பட்டது, சரிதான். அந்த விதியைத் தாண்டியும் ஜெயித்தார் என்பதும் உண்மை. 1920களின் டெக்சாஸைப் போலவே இந்தத் தொகுதியிலும் நவம்பரில் முடிவு செய்ய எதுவும் மிச்சம் இல்லை. அதனால் இங்கே கட்சிப் பதிவு கட்சியின் உள்விவகாரமாக மட்டும் இருக்க முடியாது. தொகுதியின் பிரதிநிதியை யார் தேர்ந்தெடுக்கலாம் என்பதையே அது முடிவு செய்கிறது.

மாற்றுவழிகளும் சொர்க்கம் இல்லை. கலிஃபோர்னியா 2010இல் எல்லாரையும் ஒரே பிரைமரியில் நிறுத்தி, முதல் இரண்டு பேரை நவம்பருக்கு அனுப்பும் முறையைக் கொண்டுவந்தது. அதிபர் பதவிக்கு அது பொருந்தாது. 2012இல் 31ஆம் தொகுதியில் நான்கு ஜனநாயகக் கட்சியினர் ஓட்டைப் பிரித்துக்கொள்ள, முதல் இரண்டு இடமும் குடியரசுக் கட்சிக்குப் போனது. அந்த நவம்பரில் ஒபாமாவுக்கு ஓட்டுப் போட்ட தொகுதியில், காங்கிரஸுக்கு இரண்டு குடியரசுக் கட்சிக்காரர்களில் ஒருவரைத்தான் தேர்வு செய்ய முடிந்தது. அலாஸ்கா 2020இல் நான்கு பேரை அனுப்பி, விருப்ப வரிசைப்படி ஓட்டுப் போடும் முறைக்குப் போனது. ஒவ்வொரு திருத்தமும் அதற்கே உரிய புதுப் பிழையோடு வருகிறது.

அப்படியானால் எதை வைத்து ஒரு விதியை நல்லது, கெட்டது என்று சொல்வது? எனக்கு இரண்டு கேள்விகள் போதும் என்று தோன்றுகிறது. வேட்பாளர்கள் யார் என்று தெரிந்த பிறகும் வாக்காளருக்கு மனம் மாற நேரம் இருக்கிறதா? இங்கே வெளியே நிற்பவருக்கு, முடிவை மாற்றக்கூடிய ஓட்டு நவம்பரிலாவது மிச்சம் இருக்கிறதா? இரண்டுக்கும் ‘இல்லை’ என்று பதில் வந்தால், அந்தக் கட்சியைக் காப்பாற்றுவதற்கு அரசு கொடுக்கும் விலை ரொம்ப அதிகம். அதுவும் வெளியே நிற்பவருடைய வரிப் பணத்தில்.

நியூயார்க் 2019இல் சட்டத்தை மாற்றியது. கட்சி மாறக் கடைசி நாள் இப்போது பிப்ரவரி 14. பிரைமரி ஜூன் மாதம் என்றால் நான்கு மாதம் முன்னால். 1972இல் பெட்ரோ ரொசாரியோவுக்கு இந்த விதி இருந்திருந்தால் போதுமானதாக இருந்திருக்கும். அவர் டிசம்பரிலேயே வந்துவிட்டார். மார்ச்சில் ஒரு வேட்பாளரின் பேச்சைக் கேட்டு மனம் மாறுகிறவருக்கு இன்னும் போதாது.